வெளிநாட்டு மிஷன் பயணத்துக்கு உள்ளூர்ப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பல சபைகளில் இந்த வேலை தலைகீழாக நடக்கிறது. முதலில் தேதி குறிக்கிறார்கள். பிறகு விமான டிக்கெட். பிறகு யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியல். எல்லாம் முடிந்த பின், "அங்கே நம்மைப் பார்த்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் அகப்படுகிறவர் நாம் தேர்ந்தெடுத்தவர் அல்ல, நமக்குக் கிடைத்தவர்.

என் முதல் பயணமும் அப்படித்தான் நடந்தது. பதினான்கு பேர், பத்து நாள். கேட்ட எல்லாவற்றுக்கும் அங்கிருந்த போதகர் "ஆகட்டும்" என்றார். எட்டாம் நாள், மொழிபெயர்க்க வந்த கல்லூரி மாணவி தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னார். எங்கள் பகல் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் தினக்கூலிகள். வெளிநாட்டிலிருந்து விருந்தாளிகள் வந்திருக்கிறார்களே என்று கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். போதகருக்கு இது தெரியும். எங்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். இவரால் நம்மிடம் "வேண்டாம்" என்று சொல்ல முடியுமா? கீழே உள்ள படிகளில் பாதி, அதைக் கண்டுபிடிப்பதற்கான வழிகள்தான்.

உள்ளூர்ப் பொறுப்பாளர் என்று நான் சொல்வது, குழுவை அங்கே ஏற்று, தங்கவைத்து, வேலையைக் காட்டி, நாம் திரும்பிய பின் அதன் விளைவோடு வாழப்போகிறவரை. அது ஒரு போதகராக இருக்கலாம், ஒரு சபையாக இருக்கலாம், தொண்டு நிறுவனமாகவும் இருக்கலாம். டிக்கெட்டும் வாகனமும் ஏற்பாடு செய்கிற பயண முகவர் இதில் சேரமாட்டார்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் காலம். புதிய இடம் என்றால் பயணத்துக்கு 12 மாதம் முன்பே தொடங்குங்கள். அதில் முதல் ஆறேழு மாதம் ஆளைத் தேடுவதற்கு மட்டுமே போகும். அவசரப்பட்டால் நான்காவது கேள்விக்கு மேல் கேட்க மனம் வராது.

அடுத்து மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழு. ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். ஒருவர் கணக்கு வழக்கு தெரிந்தவர். இன்னொருவர் இந்தப் பயணத்துக்கு வரப்போகாதவர். போகிற ஆசை இல்லாதவர்தான் நிதானமாகக் குறை பார்ப்பார்.

பிறகு, இரண்டு பேர் முன்கூட்டியே போய்வர ஆகும் செலவு. இதைப் பயணச் செலவிலிருந்து பிரித்துத் தனியாக ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் கடைசி நேரத்தில் முதலில் வெட்டப்படுவது இதுதான்.

கடைசியாக, சபையின் செயற்குழுத் தீர்மானம் ஒன்று: பொருத்தமானவர் அமையாவிட்டால் இந்த ஆண்டு பயணம் இல்லை. சம்பிரதாயம் போலத் தெரியும். ஆனால் இந்த ஒரு வரி எழுத்தில் இல்லாததால், சந்தேகம் இருந்தும் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பிய குழுக்களைப் பார்த்திருக்கிறேன்.

1. போகிற காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"ஊழியம் செய்ய" என்று எழுதினால் அது காரணம் ஆகாது. உள்ளூர் வாலிபர் தலைவர்களுக்குப் பயிற்சியா, கட்டட வேலையில் கைகொடுப்பதா, மருத்துவ முகாமா, நம் வாலிபர்கள் வேறொரு சபையின் வாழ்க்கையைப் பார்த்துக் கற்பதா? கடைசியாகச் சொன்னதுதான் உண்மைக் காரணம் என்றால் அதையே எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கற்க வருகிறவர்களை ஏற்பது வேறு, உதவ வருகிறவர்களை ஏற்பது வேறு. எதற்குத் தயாராவது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

இந்த வாக்கியம் தேடலுக்கு முன்பே வேண்டியதற்குக் காரணம் உண்டு. மருத்துவ முகாமுக்கு அந்த நாட்டுச் சுகாதாரத் துறையிடம் பேசத் தெரிந்தவர் தேவை. வாலிபர் பயிற்சிக்கு அந்த ஊர் வாலிபர்கள் நம்பும் ஒருவர் தேவை. இரண்டும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம்.

எழுதிய வாக்கியத்தைக் கல்வெட்டு ஆக்கிவிடாதீர்கள். 2003-இல் அமெரிக்காவில் குறுகிய கால மிஷன் பயணங்களுக்கென்று வகுத்த ஏழு தர அளவுகோல்களில் ஒன்று, இரு தரப்பும் சேர்ந்தே பயணத்தைத் திட்டமிட வேண்டும் என்பது. நம் வாக்கியம் பேச்சைத் தொடங்கி வைக்கத்தான். அவர் அதைத் திருத்தட்டும்.

2. பட்டியல் போடுங்கள், ஒருவரோடு நிறுத்தாதீர்கள்

குறைந்தது நான்கு பெயர்களாவது வேண்டும். ஒரே பெயரை வைத்துக்கொண்டு விசாரித்தால் அது விசாரணை ஆகாது. எடுத்த முடிவுக்குச் சாட்சி தேடுவதாகிவிடும்.

பெயர்கள் எங்கே கிடைக்கும்? உங்கள் பேராயம் அல்லது சபைப்பிரிவின் மிஷன் அலுவலகம், அந்த நாட்டில் நெடுநாள் தங்கி ஊழியம் செய்கிறவர்கள், உங்கள் ஊரில் வாழும் அந்த நாட்டுக்காரர்கள், ஏற்கெனவே அங்கே போய்வந்த வேறு சபைகள். முன்பின் தெரியாதவர் சமூக வலைத்தளத்தில் "எங்கள் ஊருக்கு வாருங்கள், ஐயா" என்று எழுதியிருந்தால், அதை மட்டும் வைத்துப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவரை அறிந்த மூன்றாம் ஆள் ஒருவர் கிடைக்கும்வரை காத்திருங்கள்.

ஒவ்வொரு வகையினருக்கும் ஒரு பலமும் ஒரு பலவீனமும் உண்டு. உள்ளூர்ப் போதகருக்கு மக்களைத் தெரியும். ஆனால் ஒரே மனிதர் மேல் எல்லாச் சுமையும் விழும். பேராய அலுவலகத்தில் கணக்கு ஒழுங்காக இருக்கும். ஆனால் களத்தில் இருக்கிற சபையைக் கேட்காமலே அலுவலகம் சம்மதம் சொல்லிவிடக்கூடும். தொண்டு நிறுவனத்துக்குக் குழுக்களைக் கையாண்ட பழக்கம் இருக்கும். சில இடங்களில் குழுக்களின் வருகையே அதன் வருமானமாகவும் ஆகியிருக்கும். அங்கே தங்கியிருக்கும் வெளிநாட்டு மிஷனெரியோடு பேச்சு எளிது. அந்த எளிமையே சிக்கல். உள்ளூர்க்காரர்களின் குரல் நம் காதுக்கு எட்டாமலே பயணம் முடிந்துவிடும். அவர் வழியாகப் போவதானால், முடிவெடுக்கும் உள்ளூர்ச் சபை எது என்று கேட்டு அவர்களோடும் பேசுங்கள்.

3. முதல் கடிதத்துக்கு முன் சட்டத்தைப் பாருங்கள்

புதியவர்கள் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். சட்டம் மீறப்பட்டால் நம்மை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். காவல் நிலையத்துக்கு நடக்கப்போவது நம்மை ஏற்றவர்.

சில உதாரணங்கள். நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் மதம் மாற்றுவதைக் குற்றமாக்குகிறது. 5 ஆண்டு வரை சிறை உண்டு. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்தல். ரஷ்யாவில் 2016-இல் வந்த திருத்தங்கள் மிஷனெரிப் பணிக்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தன. இந்தியாவில் மிஷனெரிகளுக்குத் தனி விசா உண்டு. சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்வது விசா மீறல். வெளிநாட்டவரைத் தங்கவைக்கிறவர் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் அங்கே இருக்கிறது. அந்தக் கடமை விருந்தாளிக்கு இல்லை, வீட்டுக்காரருக்கு.

ஆகவே மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். எந்த விசாவில் எந்த வேலை செய்யலாம்? நம்மைத் தங்கவைப்பவருக்கு என்ன சட்டக் கடமை? வெளிநாட்டுப் பணத்தைப் பெற அவருக்கு அனுமதி இருக்கிறதா? விசா பற்றிய பதிலைத் தூதரகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். "எல்லாரும் சுற்றுலா விசாவில்தான் வருகிறார்கள், ஒன்றும் ஆகாது" என்று ஒருவர் சொன்னால், அவரைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

கடிதத்தில் எந்தச் சொற்களைப் பயன்படுத்தலாம் என்பதும் இதோடு சேர்ந்தது. சில நாடுகளில் மின்னஞ்சலில் வருகிற "சுவிசேஷம்", "மிஷன்" என்ற சொற்களே பெறுபவருக்கு ஆபத்து. அவரை அறிமுகம் செய்தவரிடம், என்ன எழுதலாம், எந்த வழியில் அனுப்பலாம் என்று முதலில் கேளுங்கள்.

4. முதல் கடிதம் சிறியதாக இருக்கட்டும்

நாங்கள் யார், உங்கள் பெயரை யார் சொன்னார்கள், ஏன் வர நினைக்கிறோம், இன்னும் எதுவும் முடிவாகவில்லை. இவ்வளவு போதும். பண விஷயம் வேண்டாம். "நூறு பேருக்கு உதவி கொண்டுவருகிறோம்" என்ற வரி போய்ச் சேர்ந்துவிட்டால், அதன்பின் வருகிற ஒவ்வொரு பதிலும் அந்த வரிக்குத்தான் பதிலாக இருக்கும்.

தேதியையும் எழுதாதீர்கள். "உங்களுக்கு எந்த மாதம் வசதி, எந்த மாதம் யாரும் வரவே கூடாது?" என்று கேளுங்கள். பரீட்சை, அறுவடை, மழை, தேர்தல், பிற மதப் பண்டிகைகள் எல்லாம் அந்தப் பதிலில் வெளிவரும்.

5. முகம் பார்த்துப் பேசுங்கள், ஆனால் வேகமாகப் பேசாதீர்கள்

காணொளி அழைப்பில் குறைந்தது மூன்று முறை பேசுங்கள், வாரக்கணக்கில் இடைவெளி விட்டு. முதல் பேச்சில் மரியாதைதான் நடக்கும். இரண்டாவதில் தகவல். மூன்றாவதில்தான் மனிதர் தெரிவார்.

நான் தவறாமல் கேட்கும் கேள்விகளும் அவற்றின் காரணமும் இவை.

"போன மாதம், வெளியார் யாரும் இல்லாதபோது, உங்கள் சபையில் என்னென்ன நடந்தது?" வேலை நடந்துகொண்டிருக்கும் இடத்தில் பதில் உடனே வரும், சின்னச் சின்ன விவரங்களோடு. யாரோ நோயுற்றிருப்பார், கூரை ஒழுகியிருக்கும், ஞாயிறு பள்ளி ஆசிரியர் வராமல் போயிருப்பார். குழுக்கள் வரும்போது மட்டும் விழிக்கும் ஊழியத்தில் இந்தக் கேள்விக்குப் பதிலாக எதிர்காலத் திட்டங்கள் வரும்.

"ஒரு ஆண்டில் எத்தனை குழுக்களை ஏற்கிறீர்கள்?" ஒன்றும் இல்லை என்றால் பாதகமில்லை, சொல்லிக்கொடுக்க நேரம் எடுங்கள், அவ்வளவுதான். மாதம் ஒன்று என்றால் அவரது சொந்த ஊழியம் எப்போது நடக்கிறது என்று யோசிக்க வேண்டும். தங்கவைப்பது முழுநேர வேலை. அதில் பாதிச் சுமையை அவர் மனைவியும் சபைப் பெண்களும் சுமக்கிறார்கள்.

"கடைசியாக எந்தக் குழுவை வேண்டாம் என்றீர்கள், ஏன்?" எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒருவர் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, இருபத்தைந்து பேர் வருகிறோம் என்றார்கள். எங்கள் கோயிலில் வருகிறவர்களே நாற்பது பேர். வேண்டாம் என்றேன்." அன்றே அவர் பெயர் பட்டியலில் மேலே போய்விட்டது.

"நாங்கள் செய்ய நினைக்கும் இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடையாதா?" சுவர் கட்டவும் வர்ணம் பூசவும் அந்த ஊரில் கொத்தனார் இருப்பார். அவர் பிழைப்பைப் பறிக்க நாம் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. "கொத்தனார் இருக்கிறார், நீங்கள் அவருக்குக் கையாளாக இருங்கள்" என்று ஒருவர் பதில் சொன்னால் அவர் விஷயம் தெரிந்தவர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பல சமூகங்களில் விருந்தாளியிடம் நேராக "முடியாது" என்று சொல்வது அவமரியாதை. "பார்க்கலாம்", "ஜெபிப்போம்", "முயற்சி செய்கிறேன்" என்பதெல்லாம் அங்கே மறுப்பின் உருவங்கள். ஆகவே ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைத் தவிர்த்து, தேர்வு கொடுங்கள். "பகலில் கூட்டம் வைக்கலாமா?" என்று கேட்டால் "வைக்கலாம்" என்றுதான் வரும். "காலை, பகல், இரவு, இவற்றில் மக்களுக்கு எது தொந்தரவு?" என்று கேளுங்கள். என் முதல் பயணத்தில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தக் கூலித் தொழிலாளிகளின் நாட்கள் மிஞ்சியிருக்கும்.

6. சாட்சி கேளுங்கள், அவர் தராத சாட்சியையும் கேளுங்கள்

அவர் தரும் பெயர்களோடு பேசுவது முறை. ஆனால் தன்னைப் பற்றிக் குறை சொல்வார் என்று தெரிந்த பெயரை யாரும் தரமாட்டார்கள். எனவே மூன்று திசையிலிருந்து விசாரியுங்கள்: அவர் சபைப்பிரிவின் மேல்நிலைப் பொறுப்பாளர், அதே ஊரில் இருக்கும் வேறு சபைப்பிரிவின் போதகர், முன்பு அங்கே போய்வந்த குழுவில் தலைவர் அல்லாத ஒருவர். மூன்றாமவரிடம் "பயணம் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், சாட்சிக் கூட்டம் ஆரம்பித்துவிடும். "மறுபடி உங்கள் மகளை அங்கே அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள்.

பக்கத்துச் சபைப் போதகரின் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஒரே ஊரில் இரண்டு சபைகளுக்கு இடையே கசப்பு இருப்பது உலகம் முழுக்க உண்டு. யோவானின் மூன்றாம் நிருபமே காயு வந்தவர்களை ஏற்றதையும் தியோத்திரேப்பு ஏற்க மறுத்ததையும் பற்றியதுதானே! நீங்கள் கேட்பது பிடிக்குமா பிடிக்காதா என்பதல்ல. பணம், பெண்கள், பிள்ளைகள், இந்த மூன்றில் ஏதேனும் புகார் எழுந்திருக்கிறதா? இரண்டு தனித்தனி ஆட்கள் ஒரே புகாரைச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

7. பிள்ளைகள் விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை

அவர் அனாதை இல்லம் நடத்துகிறாரா என்று கேளுங்கள். நடத்துகிறார் என்றால், அது அரசில் பதிவானதா, பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள், அவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப என்ன முயற்சி நடக்கிறது என்று கேளுங்கள். பார்வையாளர்களின் காணிக்கைக்காகவே ஏழைக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து வைக்கும் இல்லங்கள் உண்டு. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், இப்படிப்பட்ட இல்லங்களுக்குத் தொண்டர்கள் போய்வருவதால் வரும் தீங்கைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

நான் பார்த்தவரை நல்ல பொறுப்பாளர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுவதில்லை. அவர்களே விதி போடுவார்கள்: பிள்ளைகளோடு யாரும் தனியே இருக்கக் கூடாது, எப்போதும் பெரியவர்கள் இருவர், அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது, பெயரும் முகமும் சேர்த்து எங்கும் போடக் கூடாது. "நீங்கள் இஷ்டம்போல் பிள்ளைகளோடு விளையாடுங்கள், படம் எடுங்கள்" என்று திறந்துவிடுகிறவர் அன்பானவராகத் தெரிவார். அந்த வாசல் நமக்கு முன் வந்தவர்களுக்கும் நமக்குப் பின் வரப்போகிறவர்களுக்கும் அப்படியே திறந்திருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

விதிகள் நமக்கும் சேர்த்துத்தான். அவர் கேட்காவிட்டாலும், குழுவில் வரும் ஒவ்வொருவரின் பின்னணியும் விசாரிக்கப்பட்டது என்பதை எழுத்தில் அனுப்புங்கள்.

8. பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள்

இதுவரை பணப் பேச்சைத் தள்ளிவைத்தோம். இப்போது முழுதாகப் பேசுங்கள், எல்லா எண்களோடும்.

தங்கும் இடம், உணவு, வாகனம், மொழிபெயர்ப்பாளர் என்று இனம் இனமாகச் செலவுப் பட்டியல் கேளுங்கள். மொத்தமாக ஒரே தொகை சொன்னால் பிரித்துத் தரச் சொல்லுங்கள். அதேபோல், "ஒன்றும் வேண்டாம், எல்லாம் கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கர்த்தர் பார்த்துக்கொள்ளும் அந்தச் செலவைக் கடைசியில் அந்தக் குடும்பம் கடன் வாங்கித் தீர்க்கும். அவருடைய நேரத்துக்கும் ஒரு மதிப்பு வைத்துப் பட்டியலில் சேர்ப்பதே நேர்மை.

பணம் தனிநபர் கணக்குக்குப் போகக் கூடாது. சபை அல்லது நிறுவனத்தின் கணக்கு, இரண்டு பேர் கையொப்பம், ரசீது. அந்த நாட்டுச் சட்டம் வெளிநாட்டுப் பணத்துக்குத் தனி அனுமதி கேட்டால் அதன் நகலை வாங்கிப் பாருங்கள். இந்தியாவில் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின், அப்படிப் பதிவான நிறுவனமும் அந்தப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தர முடியாது. "எங்கள் நண்பருடைய டிரஸ்ட்டுக்கு அனுப்புங்கள், அவர் எங்களுக்குத் தருவார்" என்று யாராவது சொன்னால் நட்புக்காகக்கூடத் தலையாட்டாதீர்கள்.

குழுவினர் தனித்தனியாகப் பணம் கொடுப்பதையும் இப்போதே தடுத்துவிடுங்கள். ஒருவர் இரக்கப்பட்டு ஒரு குடும்பத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அடுத்த ஆறு மாதம், "அவர்களுக்கு மட்டும் ஏன்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது போதகர்.

9. முன்பயணம் போய்வாருங்கள்

இரண்டு பேர், நான்கைந்து நாள். ஒருவர் பெண்ணாக இருந்தால் போதகரின் மனைவியோடும் சபைப் பெண்களோடும் தனியே பேச முடியும். குழு வந்தால் சமையலும் துணி துவைப்பதும் யார் தலையில் விழும் என்பது அங்கேதான் தெரியும்.

உங்களுக்கென்று ஒரு மொழிபெயர்ப்பாளரை அமர்த்திக்கொள்ளுங்கள், பொறுப்பாளருக்கு உறவில்லாதவராக. பொறுப்பாளரே மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தால், அந்த ஊர் முழுவதும் ஒரே வாயால் நம்மிடம் பேசுகிறது. அவர் பொய் சொல்வார் என்று நான் சொல்லவில்லை. சங்கடமானதை மென்மையாக்கிச் சொல்வார், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

அங்கே போனதும் பார்க்க வேண்டியவை: ஞாயிறு ஆராதனையில் அவர் இல்லாத நேரத்தில் யார் நடத்துகிறார்கள், சபையார் அவர் முன் கருத்து வேறுபாடு சொல்கிறார்களா, இளையவர்களிடம் அவர் எப்படிப் பேசுகிறார், கடைக்காரரும் ஆட்டோக்காரரும் அவரை எப்படிப் பார்க்கிறார்கள். படுக்கும் இடம், கழிப்பறை, அருகிலுள்ள மருத்துவமனைக்கு உண்மையில் எவ்வளவு நேரமாகிறது என்பதை வாகனத்தில் ஏறிப் போயே பாருங்கள். "பக்கத்தில்தான்" என்பது ஊருக்கு ஊர் வேறு அளவு.

முன்பயணத்தின்போது எதற்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். "ஊருக்குப் போய் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி, இந்தத் தேதிக்குள் சொல்கிறோம்" என்பது மட்டுமே உங்கள் பதில். விருந்துண்ட மயக்கத்தில் சொல்லும் சம்மதம் மிகவும் விலை உயர்ந்தது.

10. இரண்டு பக்கத்துக்கு மேற்படாத ஒப்பந்தம்

எழுத்தில் வைப்பது நம்பாததால் அல்ல. எட்டு மாதம் கழித்து இரு தரப்பும் இரு விதமாக நினைவு வைத்திருப்போம். அவருடைய மொழியிலும் ஒரு பிரதி வேண்டும். இரண்டையும் அவர் தன் மூப்பர்களிடம் காட்டட்டும்.

அதில் இருக்க வேண்டியவை: அதிகபட்சம் எத்தனை பேர், எத்தனை நாள், என்ன வேலை, தினசரி நிகழ்ச்சியை முடிவு செய்பவர் யார் (அவர்தான்), செலவு, படம் எடுக்கும் விதிகள், பிள்ளைகள் விதிகள், அவசரத்தில் யாரை அழைப்பது, குழுவினர் தவறு செய்தால் அவர் யாரிடம் புகார் சொல்வது. கடைசி விஷயத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். குழுத் தலைவரே தவறு செய்தால் பொறுப்பாளர் வேறு யாரிடம் போவார்? தேர்வுக் குழுவில் பயணத்துக்கு வராத அந்த மூன்றாம் ஆளின் எண்ணைக் கொடுங்கள்.

என்ன பொருட்கள் கொண்டுவரலாம் என்பதும் இதில் வரட்டும். மருந்து என்றால் குறிப்பாக. உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட மருந்து நன்கொடை நெறிமுறைகள், போய்ச் சேரும்போது மருந்தின் காலாவதிக்குக் குறைந்தது ஓர் ஆண்டாவது மீதி இருக்க வேண்டும் என்கின்றன. வீட்டு அலமாரியில் மிஞ்சியதை மூட்டை கட்டிக்கொண்டு போனால், அதை அழிக்கும் செலவு அவருடையது. மருத்துவர் வருகிறார் என்றால் அந்த நாட்டில் மருத்துவம் பார்க்க அவருக்கு அனுமதி வாங்குவது யார் பொறுப்பு என்றும் எழுதுங்கள்.

இன்னொரு வரி: எந்தத் தேதி வரை எந்தத் தரப்பும் காரணம் சொல்லாமல் விலகலாம். இந்த வரியைப் படித்ததும் ஒரு போதகரின் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன்.

11. மற்றவர்களுக்குப் பதில் சொல்லிவிடுங்கள்

நான்கு பேரோடு பேசி ஒருவரைத் தேர்ந்தெடுத்தீர்கள். மீதி மூன்று பேர் காத்திருப்பார்கள். சிலர் சபையில் அறிவித்தும் இருப்பார்கள். முடிவெடுத்த வாரத்திலேயே ஒவ்வொருவருக்கும் அழைத்துச் சொல்லுங்கள். "பிறகு பார்ப்போம்" என்று இழுக்காதீர்கள். பிள்ளைகள் பாதுகாப்பு காரணமாக மறுத்திருந்தால், அதை அவர் சபைப்பிரிவின் மேல்நிலைக்குத் தெரிவிப்பதும் உங்கள் கடமை.

12. இப்போது டிக்கெட் எடுங்கள்

ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு, அவர் ஒத்துக்கொண்ட தேதிகளில், அவர் சொன்ன எண்ணிக்கையில். குழுவில் சேர ஆசைப்பட்டு இரண்டு பேர் கூடுதலாக வருவார்கள், அதில் ஒருவர் பெரும்பாலும் யாரோ முக்கியமானவரின் உறவினராக இருப்பார். பொறுப்பாளரை அழைத்துக் கேட்காமல் யாரையும் சேர்க்காதீர்கள். கேட்கும்போதும் "வேண்டாம் என்றால் இங்கே நான் சொல்லிக்கொள்கிறேன்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். மறுப்பின் பழியை நாம் ஏற்றுக்கொண்டால்தான் அவரால் மறுக்க முடியும்.

திரும்பி வந்து ஒரு மாதம் கழித்து, மறுபடி ஆறு மாதம் கழித்து அவரோடு பேச நாள் குறித்துக்கொள்ளுங்கள். உடனே கேட்டால் நன்றிதான் வரும். ஆறு மாதம் கழித்து, முன்பயணத்தில் அமர்த்திய அந்த மொழிபெயர்ப்பாளரையே வைத்துக்கொண்டு, "எங்களால் எதற்குத் தடங்கல் வந்தது?" என்று கேளுங்கள். அடுத்த ஆண்டுப் பயணம் பற்றிய பேச்சை அந்தப் பதிலைக் கேட்ட பிறகு செயற்குழுவில் வையுங்கள்.